மாஸ்டரின் கல்வெட்டு

ஈழத்தில் ஆசிரியர் என்றதும் படம் மாட்டி மாலை போடப்படுகிறவர்கள் மூவர்: நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879), காரைதீவு சுவாமி விபுலானந்தர் (1892–1947), கரம்பொன் தனிநாயகம் அடிகள் (1913–1980). வடக்குச் சைவருக்கு ஒருவர், கிழக்குக்கு ஒருவர், கத்தோலிக்கருக்கு ஒருவர் என்று பாடசாலை மண்டபச் சுவர்களைப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறோம். இந்த மூவருக்கும் பொதுவான ஒன்றை மேடைகளில் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. மூவருமே குடும்பம் நடத்தாதவர்கள். நாவலர் கடைசிவரை பிரமசாரி. விபுலானந்தர் இராமகிருஷ்ண மடத்துத் துறவி. தனிநாயகம் கத்தோலிக்கக் குரு.

இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் ஆசிரியத்தைப் புகழ எடுத்த எடுப்பில் நமக்கு வருகிற சொற்கள் தொண்டு, தியாகம், துறவு, தன்னலமின்மை என்பவை. அவை மடத்துக்குப் பொருந்துகிற அளவுக்கு வீட்டுக்குப் பொருந்துவதில்லை. நமக்குக் கேத்திரகணிதம் படிப்பித்த மாஸ்டருக்கு வீட்டில் நான்கு பிள்ளைகள். தங்கைச்சிக்குச் சீதனம் கொடுக்கப் பட்ட கடன் இருந்தது. மாதக் கடைசியில் சீட்டுக்காசு கட்ட வேண்டும். பின்னேரத்தில் விறாந்தையில் பாய் விரித்து ரியூசன் கொடுத்தார், காசு வாங்கினார், இல்லாத பிள்ளையிடம் வாங்காமலும் விட்டார். அவரைப் பற்றிப் பேச நாவலர் விழாச் சொற்கள் உதவா. அவரும் நினைக்கப்பட்டார்தான். ஆனால் சிலையிலோ பாடநூலிலோ அவரைத் தேடிப் பயனில்லை. முப்பத்தோராம் நாள் சாப்பிட்டு எழும்புகிறவர் கையில் கொடுக்கப்படுகிற ஒரு மெல்லிய புத்தகத்தில் அவர் இருக்கிறார்.

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் மரணத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஊரில் என்றால் கீரிமலையில் கிரியை முடித்து வந்து வீட்டில் மதியச் சாப்பாடு. அன்று வழங்கப்படும் புத்தகத்தைக் கல்வெட்டு என்பார்கள். அட்டையில் 'நினைவு மலர்' என்று அச்சிடுவதும் வழமை. அட்டையில் இறந்தவரின் படம், கோட்டும் கழுத்துப்பட்டியுமாகவோ வேட்டி சால்வையாகவோ. படத்துக்கு இருபுறமும் குத்துவிளக்கு. கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு திகதிகள். சில குடும்பங்கள் 'மலர்வு', 'உதிர்வு' என்று போடும். உள்ளே தேவாரம் தொடங்கித் திருப்புராணம் வரை பஞ்சபுராணம், சிவபுராணம், பிறகு வாழ்க்கை வரலாறு, புலம்பல்கள், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். ஆசிரியர் வீட்டு மலரில் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று சகலகலாவல்லி மாலையையும் சேர்ப்பதுண்டு. பின்னட்டையில் கீதாசாரம் என்ற பெயரில் ஒரு பத்தி. அந்தப் பத்தி கீதையின் எந்தச் சுலோகத்துக்கும் மொழிபெயர்ப்பு இல்லை என்பதை அறிந்த தமிழ் மாஸ்டர்களின் மலர்களும் அதிலிருந்து தப்புவதில்லை.

இதில் வேலை செய்கிற பக்கம் திதி வெண்பா. வருடப் பெயர், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா, என்ன திதி என்ற நான்கையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கிவிடுவார்கள். காரணம் நடைமுறையானது. ஆண்டுத் திவசம் ஆங்கிலத் திகதிப்படி வருவதில்லை, திதிப்படி வரும். கலண்டர் மாறும், டயறி தொலையும். நான்கு அடி வெண்பா ஒரு பிள்ளைக்காவது மனப்பாடமாக நிற்கும். பாட்டின் தரம் எப்படியிருந்தாலும் தகவல் பிழைக்காது. தளை தட்டாமல் 'துந்துபி' என்ற வருடப் பெயரையும் 'சதுர்த்தசி'யையும் உள்ளே கொண்டுவரப் புலவர் படுகிற பாடு தெரிந்தால், இந்தப் பாட்டுகளைச் சடங்குக் கவி என்று தள்ளிவிட மனம் வராது.

இந்த மரபுக்கு நீண்ட வேர் இருக்கிறது. புறநானூற்றுக் கையறுநிலையை ஒருபுறம் விட்டாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் புலவர் இறந்தால் புலவர் சரமகவி பாடுவது கடமையாகவே இருந்தது. 1879இல் நாவலர் மறைந்தபோது சி.வை. தாமோதரம்பிள்ளை பாடியது இன்றும் மேடைகளில் எடுத்தாளப்படுகிறது. சரமகவியில் பாடுகிறவர் அறிஞர், பாடப்படுகிறவரும் அறிஞர். அச்சகம் மலிந்து, படித்த உத்தியோகக் குடும்பங்கள் பெருகியபோது அந்த மரியாதையைச் சாதாரண வீடும் கேட்டு வாங்கிக்கொண்டது. அப்படி வீட்டுக்குள் வந்ததும் சரமகவிக்குள் மனைவியும் மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். 'மனைவி புலம்பல்', 'மக்கள் புலம்பல்', 'மருமக்கள் புலம்பல்' என்று தலைப்புகள் பிரிந்தன.

இங்கேதான் எனக்கு ஒரு குறை. மனைவி புலம்பல் என்ற தலைப்பின் கீழ் மனைவி எழுதிய வரி ஒன்றும் பெரும்பாலும் இராது. ஊர்ப் பண்டிதர் ஒருவர் ஆசிரிய விருத்தத்தில் அவளுக்காக அழுதுகொடுப்பார். அந்தப் பண்டிதரும் அநேகமாக ஒரு பள்ளிக்கூட மாஸ்டர்தான். அவருடைய கல்வெட்டில் அவருடைய மனைவிக்காக இன்னொரு மாஸ்டர் அழுவார். மனைவியும் ரீச்சராக இருந்து, வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு யாப்பு படிப்பித்தவளாகவே இருந்தாலும் அந்த இரண்டு பக்கத்தில் அவள் பொட்டிழந்து பூவிழந்து புலம்புகிறவள். மாஸ்டர் வெளிமாவட்டத்தில் படிப்பித்த வருடங்களில் வீட்டையும் பிள்ளைகளையும் மாமியையும் பார்த்தது யார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் 'இல்லறத்தை நல்லறமாக நடத்தினார்' என்ற ஒரு வசனத்தோடு முடியும். எழுவாய் மாஸ்டர்.

அதற்காகக் கல்வெட்டை ஒதுக்கிவிட முடியாது. சீனத்தில் சொங் அரச காலத்துக் கல்லறை வாசகங்களும் இப்படித்தான்: மகன்கள் பணம் கொடுத்து எழுதுவித்த, குறையே சொல்லாத புகழுரைகள். ஆயினும் அக்காலப் பெண்களின் வாழ்வையும் மணஉறவுகளையும் ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் பெரிதும் நம்பியது அவற்றைத்தான். புகழ்ச்சியைத் தட்டிவிட்டு, வரிசையாகச் சொல்லப்படுகிற பெயர்களையும் இடங்களையும் படித்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் வாழ்ந்து மறைந்த மாஸ்டரின் கல்வெட்டையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

முதலில் மரண அறிவித்தல். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கிய பத்திரிகைகள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் தன் பங்குக்கு மரண அறிவித்தல்களை வாசித்தது. எத்தனையோ வீடுகளில் வேறெந்த நிகழ்ச்சிக்கும் இல்லாத அமைதி அந்தச் சில நிமிடங்களுக்கு இருந்தது. அறிவித்தலின் வாய்பாடு நமக்கெல்லாம் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட இளைப்பாறிய ஆசிரியர் இன்னார் இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அருமைக் கணவரும், இன்னின்னாரின் பாசமிகு தந்தையும், மாமனாரும், மைத்துனரும், பேரனும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.

இதில் 'பிறப்பிடம்', 'வதிவிடம்' என்ற இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் மாஸ்டரின் அரை நூற்றாண்டு. சில அறிவித்தல்களில் மூன்றாவது ஒன்றும் வரும்: 'தற்காலிக வதிவிடம்'. அந்தத் தற்காலிகம் இருபது வருடமாகவும் இருக்கும். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், நோர்வே, சுவிஸ், அவுஸ்திரேலியா. அந்த நாடுகளை மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசையாகப் படித்துப் பாருங்கள். மூத்தவர் லண்டன், பொறியியலாளர். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்த பிறகு படிக்கப் போனவர் என்று ஊகிக்கலாம். நடுவில் உள்ளவர்கள் 1983க்குப் பிறகு அகதியாகப் போனவர்கள், அதனால் சுவிஸ் அல்லது நோர்வே. கடைசிப் பெண் கலியாணமாகிக் கனடா. வரலாற்றுப் பக்கம் 'பிள்ளைகளை நல்ல நிலைக்குக் கொண்டுவந்தார்' என்று முடித்துவிடுவதை அடைப்புக்குறிகள் இப்படி விரித்துச் சொல்கின்றன.

அடுத்தது பாடசாலைப் பட்டியல். எந்தக் கலாசாலையில் பயிற்சி என்று முதல் வரி: பலாலி, கோப்பாய், நல்லூர், கொழும்புத்துறை. பிறகு படிப்பித்த இடங்கள் வரிசையாக. 1960க்கு முன் உதவி நன்கொடை பெறும் பாடசாலையில் சேர்ந்தவருக்குப் பட்டியல் குறுகியது. மிஷனோ சைவ வித்தியா விருத்திச் சங்கமோ முகாமைக்காரர். அவர் மனம் கோணாதவரை ஒரே பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கலாம். 1960, 1961 சட்டங்களால் அந்தப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆசிரியர் அரசாங்க உத்தியோகத்தராகி, இடமாற்றமும் அவரோடு சேர்ந்து வந்தது. அதற்குப் பிந்திய தலைமுறையின் மலர்களில் பட்டியல் நீளுகிறது: மலைநாட்டில் சில வருடம், மன்னாரிலோ மூதூரிலோ சில வருடம், பிறகு ஊர், பிறகு கொழும்பு. குடும்பஸ்தரான மாஸ்டர் என்றால் என்ன என்பதை இந்தப் பட்டியலை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். வாடகை அறை ஒன்று, மாதம் ஒருமுறை இரவுத் தபால் ரயில், வெள்ளி இரவு ஏறிச் சனி விடியப் போய், ஞாயிறு இரவு திரும்புதல். பிள்ளைகளோடு இருந்த நாட்களைவிடப் பிறர் பிள்ளைகளோடு இருந்த நாட்கள் கூட. பாசமிகு தந்தை என்ற தொடர் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பது பாடசாலைப் பட்டியலில்தான் எழுதியிருக்கிறது.

வெள்ளவத்தை இந்தக் கதைக்குள் எப்படி வந்தது? காலி வீதியின் இருபுறமும் ஒழுங்கை ஒழுங்கையாகக் கிடக்கிற கொழும்பு ஆறு, யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் நெடுங்காலமாக அறை எடுத்துத் தங்கிய இடம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது; இராமகிருஷ்ண மிஷன் தன் பெயரிலான வீதியிலேயே இருக்கிறது; சைவ மங்கையர் கழகத்தின் பள்ளிக்கூடமும் இங்கேதான். மாஸ்டர்மாருக்கு வேலை இருந்தது, பேச ஆள் இருந்தது, சங்கரப்பிள்ளை மண்டபத்தில் கூட்டம் இருந்தது. 1983 ஜூலையில் இதே ஒழுங்கைகளில் தமிழ் வீடுகள் தேடித் தேடி எரிக்கப்பட்டன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமானது. ஆட்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். போனவர்களில் ஒரு பகுதி திரும்பியது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்த பிறகு, இளைப்பாறிய மாஸ்டரும் ரீச்சரும், வெளிநாட்டுப் பிள்ளை வாங்கிக் கொடுத்த அடுக்குமாடி வீட்டில், லிஃப்ட் பழகினார்கள்.

அடுக்குமாடியில் சாவு வேறு மாதிரி. ஊரில் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, உரலில் சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடி, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, பெரும்பாலும் மறுநாளே எடுத்துவிடுவார்கள். நான்காம் மாடிக்குப் பெட்டி ஏறாது. அயல் வீட்டாருக்கும் சங்கடம். ஆகவே பூதவுடல் மலர்ச்சாலைக்குப் போகும். ரொறன்ரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை பதப்படுத்தி வைத்திருப்பார்கள். ஓதுவாரும் உரலும் மலர்ச்சாலை மண்டபத்துக்கு வருவார்கள், அடுத்த மண்டபத்தில் பிரித் ஓதிக்கொண்டிருக்கும். பிறகு பொரளை கனத்தை மயானம். அந்தப் பெயரை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1983 ஜூலை 24 இரவு, திருநெல்வேலியில் கொல்லப்பட்ட படையினரின் உடல்களை எதிர்பார்த்துக் கூடிய கூட்டத்தில் கலவரம் வெடித்த இடமும் கனத்தைதான். அன்று வீடு எரிந்து ஓடிய மாஸ்டர், இருபது முப்பது வருடம் கழித்து அங்கேதான் தகனமாகிறார். எந்தக் கல்வெட்டிலும் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் நான் கண்டதில்லை. 'கலவரத்தில் உடைமைகளை இழந்தார்' என்பதோடு வரலாறு அடுத்த பாடசாலைக்குப் போய்விடும். நன்றி நவிலலில் சிங்கள அயலவர் ஒருவரின் பெயர் இருந்தால், அதற்குப் பின்னால் கதை ஒன்று உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊரில் கல்வெட்டு மற்ற நினைவுகளுக்குத் துணையாக இருந்தது. வீடு நின்றது, கிணறு நின்றது, அவர் படிப்பித்த பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் நின்றது. வெள்ளவத்தையில் அச்சான கல்வெட்டுக்கு அந்தத் துணை இல்லை. வீடு உயர்பாதுகாப்பு வலயத்துக்குள், உறவு ஐந்து நாட்டில், பாதை திறந்தும் மூடியும் கிடந்தது: ஏ-9 வீதி 2002இல் திறந்து 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. ஆகவே புத்தகம் தடித்தது. ஊர்ப்படம், கோயில் கோபுரம், பழைய வீட்டின் முகப்பு, கலியாணப்படம், பட்டமளிப்புப் படங்கள், இரண்டு தாள் விரித்துப் பார்க்க வேண்டிய வம்சாவளி என்று சேர்ந்துகொண்டே போயின. அந்த வம்சாவளியைப் பற்றி இன்னொன்று: அதில் சாதி எங்கும் எழுதப்பட்டிராது, ஆனால் எந்த ஊரில் யார் வீட்டில் கலியாணம் என்று பார்த்தால் யாழ்ப்பாணத்தாருக்கு விளங்கிவிடும். புலம்பெயர்ந்த நாட்டில் கலியாணம் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை வெறும் பாசத்தால் பத்திரப்படுத்துவதில்லை.

புலம்பல்களும் மாறின. விருத்தம் குறைந்து வசனம் வந்தது. மகள் தன் பெயரில் தானே எழுதுகிறாள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுகிறார்கள். தமிழ்ப் பண்டிதரின் மலரில் ஆங்கிலமா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பக்கம்தான் முதலில் படிக்கத் தோன்றும். வாய்பாடு தெரியாத பிள்ளை, அப்பப்பா தொலைபேசியில் என்ன கேட்பார், எதற்குக் கோபிப்பார், சாப்பாட்டில் எதை ஒதுக்குவார் என்று எழுதிவிடுகிறது. 'கண்டிப்பும் கனிவும் ஒருங்கே கொண்டவர்' என்று பழைய மாணவர் எழுதிய பக்கத்திலோ ஆளையே காண முடியாது.

பொதுவெளி அறிந்த ஒருவரை வைத்து இதைப் பார்ப்பது நல்லது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 10.5.1932இல் கரவெட்டியில் பிறந்தார். தகப்பனார் பண்டிதர், சைவப்புலவர். கரவெட்டி விக்னேஸ்வராவிலிருந்து மகன் கொழும்புக்கு வந்து சேர்ந்தது ஸாஹிராக் கல்லூரியில். ஏ.எம்.ஏ. அஸீஸ் அதிபராக இருந்த காலம் அது. 1948 முதல் 1961 வரை அவர் நடத்திய ஸாஹிராவில் தமிழ் படிக்கவும் படிப்பிக்கவும் வடமராட்சிச் சைவப் பிள்ளைக்கு இடம் இருந்தது. பேராதனையில் பட்டம் பெற்றபின் சிவத்தம்பி அதே ஸாஹிராவுக்கு ஆசிரியராகத் திரும்பினார். பிறகு பாராளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர். இலங்கை வானொலியில் 'விதானையார் வீட்டில்' தொடர்நாடகத்தில் விதானையாராக அவர் குரலைக் கேட்டவர்கள், மார்க்சியத் திறனாய்வாளர் என்று அவரைப் பின்னாளில் அறிந்தவர்களைவிட எண்ணிக்கையில் அதிகமாகவே இருப்பார்கள். பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்வு செய்து கலாநிதியானார். அதே தொம்சனிடம் அவருக்கு முன்பு க. கைலாசபதி வீரயுகக் கவிதை பற்றி ஆய்ந்திருந்தார். வித்தியோதயப் பல்கலைக்கழகம், 1978 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். 1980களின் நடுவில் பிரஜைகள் குழுக்களின் தலைமைப் பொறுப்பு. இராணுவம் பிடித்துப் போன பிள்ளைகளின் தாய்மார் அவர் வாசலில் நின்ற காலம். பிந்திய ஆண்டுகளில் வெள்ளவத்தை அடுக்குமாடி, பிறகு தெஹிவளை. மனைவி, மூன்று மகள்மார். 6.7.2011இல் மறைந்தார், திதி வெண்பாக் கணக்கில் கர வருடம், ஆனி மாதம், பூர்வபக்கம்.

அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் பெரும்பாலும் நூல்களையும் கருத்துகளையும் பேசின. பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த வெள்ளவத்தை வீட்டுக்குப் போனவர்கள் நேரில் சொல்லுகிற கதைகள் வேறு. ஆராய்ச்சி மாணவரும், ஓ.எல். தமிழ்ப் பாடத்தில் சந்தேகம் கேட்க வந்த பிள்ளையும், வெளியீட்டு விழாவுக்குத் தலைமை கேட்டு வந்தவரும் அடுத்தடுத்து இருந்த முன்னறை அது. உடல் தளர்ந்து எழுதக் கடினமான காலத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வந்தவருக்குத் தேநீர், நேரம் போனால் சாப்பாடு. இந்த இரண்டும் தானாக வருவதில்லை. அறிஞரின் முன்னறை இயங்க உள்ளே ஒரு வீடு இயங்கியாக வேண்டும். கைலாசபதி 1982 டிசம்பரில் தம் 49ஆவது வயதில் மறைந்த பிறகு அவருடைய எழுத்து தொடர்ந்து நூல்களாக வெளிவந்ததற்கு மனைவி சர்வமங்களம் எடுத்த முயற்சி பெரிது. அஞ்சலிக் கூட்டத்தில் 'துணைவியாருக்கு எமது அனுதாபங்கள்' என்பதற்கு மேல் இதைச் சொல்ல நமக்கு மொழி பழகவில்லை. துறவியைப் புகழ்ந்தே பழகிய நாக்கு.

சிவத்தம்பி 'யாழ்ப்பாணம்: சமூகம், பண்பாடு, கருத்துநிலை' என்று ஒரு நூல் எழுதினார். யாழ்ப்பாணத்தார் தம்மைப் பற்றித் தாமே வைத்திருக்கும் கருத்தையும் அந்தச் சமூகம் உண்மையில் இயங்கும் விதத்தையும் பிரித்துப் பார்க்கும் முறையை அதில் கற்கலாம். கல்வெட்டு அந்தச் சுயகருத்தின் மிக நேர்த்தியான வடிவம். கல்வி, சைவம், குடும்ப மானம், பிள்ளைகளின் உத்தியோகம் ஆகிய நான்கும் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்த்தாலே ஒரு காலத்தின் மனம் தெரியும். அந்த நான்கும் கூடி நிற்கக்கூடிய ஆள் என்று அந்தச் சமூகம் கண்டது பள்ளிக்கூட மாஸ்டரை. அதனால்தான் வணிகரின் கல்வெட்டைவிட மாஸ்டரின் கல்வெட்டு எப்போதும் தன்னம்பிக்கையோடு பேசுகிறது.

வெள்ளவத்தையை விட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. கொழும்பு பதின்மூன்று. 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை இங்கே. நாடெங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற சைவசமயப் பரீட்சையை நடத்தும் சபை. புனித லூசியாள் பேராலயமும், 1865 முதல் இயங்கும் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும், கொச்சிக்கடைச் சிவன் கோயிலும் அந்தோனியார் கோயிலும் நடந்து போகிற தூரம். இங்குள்ள தமிழர் பல வழியாக வந்தவர்கள்: தமிழகத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர், மலையகத்திலிருந்து இறங்கியவர், கொழும்புச் செட்டிகள், தீவகத்தார், மன்னார்க் கத்தோலிக்கர். கத்தோலிக்க ஆசிரியருக்கு நினைவுத் திருப்பலியும், படமும் செபமும் அச்சிட்ட கையளவு அட்டையும் உண்டு. அந்த அட்டை செபப்புத்தகத்துக்குள் போய் வருடக்கணக்காக இருக்கும், ஆனால் அதில் பாடசாலைப் பட்டியலுக்கு இடமில்லை. மலையக வழிவந்த ஆசிரியருக்கு இன்னொரு கதை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட குடும்பத்திலிருந்து படித்து வந்து, கொழும்பில் ஒற்றை அறையில் இருந்து பிள்ளைகளைப் படிப்பித்த மாஸ்டருக்கு வம்சாவளி போட முன்னோரின் பெயர்கள் மூன்று தலைமுறைக்கு மேல் எட்டாது. கருமாதி நடக்கும், சுவரொட்டி ஒட்டப்படும். அச்சிட்ட வரலாறு அபூர்வம். கல்வெட்டை வைத்து ஆசிரியர் வரலாறு எழுதப் போகிறவர் இதை மறந்தால், வசதியும் வழக்கமும் இருந்த ஒரு பிரிவாரின் வரலாற்றையே எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுவார்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் நடந்த இன்னொரு முயற்சி கல்வெட்டுக்கு நேர்மாறு. டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை', பிற்காலத்தில் கொழும்பு பதின்மூன்று ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்தது. அதன் அட்டைப்படம் பேர் பெற்றது. எழுத்தாளர், கலைஞர், ஆசிரியர் என்று ஒருவரின் படத்தை அட்டையில் போட்டு, உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிடுவார் ஜீவா. ஆள் உயிரோடிருக்கையிலேயே. சவரக் கடை நடத்திக்கொண்டு, அதன் காசில் பத்திரிகை தொடங்கிய, பள்ளிப்படிப்பை இடையில் விட்ட மனிதர் அவர். படிப்பித்தவர்களை நினைப்பதில் பட்டதாரிகளுக்கு வழிகாட்டினார். அட்டைப்படக் கட்டுரைக்கு அதன் உரியவரே பதில் சொல்லலாம், திருத்தலாம், கோபிக்கலாம். கல்வெட்டில் அது நடக்காது. ஜீவா 2021 ஜனவரியில் கொழும்பில் காலமானார்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் ஆவணமாக எடுத்து மின்வருடி வைத்தது. நூல் என்று நூலகங்கள் கணக்கில் எடுக்காத, பதிப்பகப் பெயரோ விலையோ இல்லாத, எழுநூறு பிரதி அடித்து ஒரே மத்தியானத்தில் தீர்ந்துபோகிற ஒரு வகையைக் காப்பாற்றியதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். புதிய சிக்கலும் கூடவே வந்தது. உறவினருக்கு மட்டும் என்று அச்சிட்ட வம்சாவளியை இன்று உலகம் பார்க்கலாம்: தாயின் பிறந்தவீட்டுப் பெயர், பிள்ளைகளின் நாடு, பேரப்பிள்ளைகளின் பெயர், எல்லாம். கடவுச்சொல் மறந்தால் வங்கி கேட்கிற கேள்விக்கான விடை அப்பப்பாவின் கல்வெட்டில் இருக்கிறது. சமகால மலர்களில் உயிரோடிருப்பவர் விபரத்தைக் கொஞ்சக் காலம் மறைத்து வைப்பது ஆய்வுக்குப் பெரிய நட்டமாகாது என்பது என் எண்ணம். இப்போது பல குடும்பங்கள் அச்சடிப்பதையே விட்டு பீடிஎப் ஆக வட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. அதை யார் எங்கே சேர்த்து வைப்பது என்பது இன்னும் தீராத கேள்வி.

கல்வெட்டின் சாட்சியத்தைச் சரிபார்க்க வேறு கடதாசிகள் உண்டு. ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபர் எழுதுகிற சம்பவத்திரட்டுப் புத்தகம் இருக்கும். எந்த ஆசிரியர் எந்த நாளில் கடமை ஏற்றார், எப்போது இடமாற்றமானார், எதற்கு லீவு கேட்டார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். கல்வெட்டு சொல்லாத கதை அங்கே கிடைக்கும்: மனைவியின் பிரசவத்துக்கு நாலு நாள், தகப்பன் செத்த வீட்டுக்கு ஒரு கிழமை, ஊரடங்கால் வரவில்லை என்ற குறிப்பு. வடக்கில் எத்தனையோ பள்ளிக்கூடங்களின் திரட்டுகள் இடப்பெயர்வில் போய்விட்டன. கொழும்பில் அந்த அளவுக்கு அழிவு இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதிபர் அறை அலுமாரியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒருவர் போய்க் கேட்க வேண்டும். கேட்கிறவர் கையில் ஒரு மாஸ்டரின் கல்வெட்டு இருந்தால், எந்தெந்த வருடத்துத் திரட்டு வேண்டும் என்பதை அதன் பாடசாலைப் பட்டியலே சொல்லிவிடும்.